எரிமலைத் தீவுகள் ஏன் அதிர்கின்றன?



சென்ற மாதம் சுங்கைப் பட்டாணியில் நடந்த ஞாயிறு வகுப்பில் படிவம் மூன்று படிக்கும் ஒரு தங்கை எழுந்து கேட்டாள். "அண்ணே, சுமத்ராவுல அவ்வளவு எரிமலை இருக்கே. அது குமுறுறதாலதான் அங்க நிலநடுக்கம் வருது? நமக்கும் ஆட்டம் தெரியுது?"

வகுப்பில் பாதிப் பேர் "ஆமா" என்றார்கள். பின்வரிசையில் ஒருவர், "எங்க பாட்டி, ஆதிசேஷன் தலையை மாத்துறாருன்னு சொல்வாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அதற்குச் சரியான பதில் தெரியாததால் நம் கெடா கடற்கரையில் ஒரு நாள் உயிர்கள் போயின. அதனால்தான் இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொண்டேன்.

விளக்கு ஆடிய காலை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதம். அப்போது எனக்கு 14 வயது. எங்கள் தோட்டத்துக் கோயிலில் காலைப் பூசை முடிந்து, பொங்கல் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். மணி 9 இருக்கும். மேலே சங்கிலியில் தொங்கிய தூண்டாமணி விளக்கு மெல்ல ஆடியது. காற்று இல்லை. யாரும் தொடவும் இல்லை. "தலை சுத்துற மாதிரி இருக்கே" என்றார் ஒரு பெரியவர். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. நாங்கள் பசியாறிவிட்டுத் திடலுக்குப் பந்து விளையாடப் போய்விட்டோம்.

அந்த விளக்கு ஆடியதற்குக் காரணம் சுமார் 550 கிலோமீட்டர் தொலைவில், சுமத்ராவின் மேற்குக் கடலுக்கு அடியில், நம் நேரப்படி காலை 8.58-க்குத் தொடங்கிய 9.1 அளவு நிலநடுக்கம். அதிர்வு நிலத்தின் வழியாகச் சில நிமிடங்களில் நம்மிடம் வந்துவிட்டது. கடல் அலையோ நம் கடற்கரைக்கு வர ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. கோத்தா குவாலா மூடா மீனவக் கிராமத்துக்குள் சுனாமி புகுந்தபோது மணி பிற்பகல் ஒன்றைத் தாண்டியிருந்தது. மலேசியாவில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் பினாங்கில், அடுத்து நம் கெடாவில்.

நான்கு மணி நேரம்! லயத்திலிருந்து நடந்தே பட்டணம் போய்ச் சேரலாம். ஆனால் விளக்கு ஏன் ஆடியது என்று தெரிந்தவர் யாரும் எங்களில் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாடத்துக்குள் போவோம்.

முன்னோர் கேட்ட அதே கேள்வி

பாட்டி சொன்ன ஆதிசேஷனை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விளக்க மனிதன் எடுத்த முதல் முயற்சி அது. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் நிலநடுக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். கடலில் வாழும் பெரிய உயிர்கள்தான் காரணம் என்பார் சிலர், பூமியைத் தாங்கும் யானைகள் களைத்து மூச்சுவிடுவது என்பார் சிலர், காற்றோடு காற்று மோதுவது என்பார் சிலர் என்று தமக்கு முன் இருந்தவர்களின் கருத்துகளை வரிசையாக எடுத்துச் சொல்கிறார். அந்தக் கருத்துகள் இன்று நிற்கவில்லை. ஆனால் ஒரே பதிலோடு திருப்தியடையாமல் பல பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் பாருங்கள், அது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

இன்றைய அறிவியலும் எரிமலைத் தீவுகளின் அதிர்வுக்கு ஒரே காரணம் சொல்வதில்லை. நான்கு காரணங்கள் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: பாறைக்குழம்பு பாறையைப் பிளப்பது

பால்மர விறகை ஆப்பு வைத்துப் பிளந்திருக்கிறீர்களா? சம்மட்டியால் அடிக்க அடிக்க ஆப்பு உள்ளே போகும். கட்டை சடசடவென்று விரியும். எரிமலையின் அடியில் நடப்பதும் இதுதான். ஆழத்திலிருந்து ஏறி வரும் பாறைக்குழம்பு, வழியில் இருக்கிற கெட்டிப் பாறையை ஆப்புப் போலப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. ஒவ்வொரு பிளவும் ஒரு சின்ன நிலநடுக்கம். குழம்பும் வாயுவும் பிளவுகளுக்குள் ஓடும்போது, குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடினால் குழாய் அதிர்வதுபோல நிலம் தொடர்ந்து முனகும்.

இந்த அதிர்வுகள் நூற்றுக்கணக்கில் வரலாம். ஆனால் பெரும்பாலும் சிறியவை. பல, கருவிக்கு மட்டுமே தெரியும். அதனால் இவற்றை எரிமலை அனுப்பும் முன்னறிவிப்பு என்றே சொல்லலாம்.

இதற்கு நம் தமிழர் வாழும் ஒரு தீவே நல்ல உதாரணம். இந்தியப் பெருங்கடலில், மொரிசியசுக்குப் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன். நம் பாட்டன் பூட்டன் பால்மரம் வெட்ட கெடாவுக்கு வந்ததற்கும் முன்பே, அங்கே கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். இன்றும் அங்கே அம்மன் கோயில்கள் உண்டு, தீமிதி உண்டு. அந்தத் தீவில்தான் உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்றான பித்தோன் தெ லா பூர்னேஸ் இருக்கிறது. 1977-இல் அதன் குழம்பு ஓர் ஊருக்குள்ளேயே புகுந்தது. அதன் பிறகு 1979-இல் கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். அங்குள்ள கருவிகள் இந்தச் சின்னச் சின்ன அதிர்வுகளை இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை திடீரென்று கூடினால், மலை விழித்துக்கொள்கிறது என்று பொருள்.

இரண்டாம் காரணம்: உள்ளே காலியானால் மேலே இடியும்

பாறைக்குழம்பு வெளியே கொட்டிவிட்டால் அது தங்கியிருந்த அறை காலியாகிறது. அடியில் மண் அரித்துப்போன சாலை என்ன ஆகும்? ஒரு நாள் தொப்பென்று உள்ளே இறங்கும். 2007 ஏப்ரலில் அதே ரீயூனியன் எரிமலையின் உச்சிப் பள்ளம் சில நாள்களுக்குள் சுமார் 300 மீட்டர் கீழே இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நிலம் அதிர்ந்தது. ஹவாயின் கிலாவேயா எரிமலையிலும் 2018-இல் இப்படித்தான் உச்சி படிப்படியாக இடிந்து, வாரக்கணக்கில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் காரணம்: தீவின் எடை

எரிமலைத் தீவு என்பது கடல் தரையிலிருந்து குழம்பு குவிந்து குவிந்து எழுந்த மலை. நாம் பார்ப்பது அதன் தலையை மட்டும்தான். கயிற்றுக் கட்டிலில் கனமான ஒருவர் உட்கார்ந்தால் கயிறு தொய்ந்து, சுற்றிலும் இழுபடும் அல்லவா? அதுபோல இவ்வளவு பெரிய எடையின் கீழ் கடல் தரை வளைகிறது. வளையும் பாறை எப்போதாவது முறியும். 2006 அக்டோபரில் ஹவாயைக் குலுக்கிய 6.7 அளவு நிலநடுக்கம் இந்த வகை.

இன்னொன்றும் உண்டு. மணல் குவியலின் பக்கம் சரிவதுபோல, எரிமலையின் ஒரு பக்கமே கடலை நோக்கி நழுவலாம். 2018 மே 4-ஆம் தேதி கிலாவேயாவின் தெற்குப் பக்கம் அப்படி நழுவியதில் 6.9 அளவு நிலநடுக்கம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையில் இருக்கும் அனாக் கிரக்காத்தாவின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. வந்த சுனாமியில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்னால் கரையில் இருந்தவர்களை எச்சரிக்கும்படி பெரிய நிலநடுக்கம் எதுவும் வரவில்லை. இதை நினைவில் வையுங்கள். கடைசியில் மறுபடியும் வருகிறேன்.

நான்காம் காரணம்: தட்டுக்கு அடியில் தட்டு

இதுவரை சொன்ன மூன்றும் எரிமலையால் வரும் அதிர்வுகள். இப்போது நமக்கு எதிரே இருக்கும் சுமத்ராவுக்கு வருவோம். அங்கே கதை தலைகீழ்.

பூமியின் மேல்தோடு பல தட்டுகளாக இருக்கிறது. இந்தியப் பெருங்கடலைச் சுமக்கும் தட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கு அடியில் நீளமாக ஓடும் சுண்டா அகழியில் அந்தத் தட்டு வளைந்து, சுமத்ரா இருக்கும் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது.

இந்த ஒரே செருகலுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஒரு பிள்ளை எரிமலை. செருகிய தட்டு தன்னோடு கடல் நீரையும் கொண்டுபோகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். உருகியது மேலே ஏறி எரிமலையாகிறது. சுமத்ராவின் முதுகெலும்பான புக்கிட் பாரிசான் மலைத்தொடர் முழுக்க எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். 3,805 மீட்டர் உயரமுள்ள கெரிஞ்சி அங்கேதான் இருக்கிறது. மேடான் நகர் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் அப்படியே பிராஸ்தாகி மலைக்கும் போயிருப்பீர்கள். அங்கிருந்து தெரியும் சினாபோங், சுமார் 400 ஆண்டுகள் தூங்கிவிட்டு 2010-இல் விழித்தது. அதற்குத் தெற்கே தோபா ஏரி. 100 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியே ஓர் எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது எழுந்த சாம்பல் பேராக் லெங்கோங்கிலும், இந்தியாவில் ஆந்திராவிலும்கூடப் படிந்திருக்கிறது.

மற்றொரு பிள்ளை பெரும் நிலநடுக்கம். செருகும் தட்டு வழவழவென்று உள்ளே போவதில்லை. இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அடியில் இருக்கிற தட்டு தள்ளிக்கொண்டே இருக்கிறது, மேலே இருக்கிற தட்டின் விளிம்பு அதோடு சேர்ந்து கீழே வளைகிறது. ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை மேசை விளிம்பில் வைத்து வளைத்துப் பாருங்கள். விட்டால் 'பட்' என்று நிமிரும். 2004-இல் அந்த விளிம்பு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நிமிர்ந்தது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இழுப்பு சுமார் பத்து நிமிடத்தில் விடுபட்டது. கடல் தரை எழும்பியது, அதன் மேலிருந்த கடலும் எழும்பியது. அதுதான் சுனாமி.

ஆகவே அந்தத் தங்கைக்குப் பதில் இது: சுமத்ராவின் பெரிய நிலநடுக்கங்களுக்கு எரிமலை தாய் இல்லை. எரிமலையும் நிலநடுக்கமும் அக்காள் தங்கை. தாய், அந்தத் தட்டின் செருகல்.

இந்த வேறுபாடு எதற்கு முக்கியம் என்றால், அளவில் இரண்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. நிலநடுக்க அளவில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு. பாறைக்குழம்பு பாறையைப் பிளப்பதால் வரும் அதிர்வில் 5 அளவே பெரியது. 2004-இல் வந்த 9.1 அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அதனால்தான் 550 கிலோமீட்டர் தாண்டி இங்கே நம் கோயில் விளக்கு ஆடியது. எரிமலை அதிர்வு அவ்வளவு தூரம் வந்து நம் விளக்கை ஆட்டாது.

நம் கெடாவில் எரிமலை உண்டா?

ஜெராய் மலை பழைய எரிமலை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் 1,217 மீட்டர் தனியாக எழுந்து நிற்பதால் அப்படித் தோன்றும். ஆனால் அது கருங்கல்லும் மிகப் பழைய படிவுப் பாறையும் சேர்ந்த மலை. எரிமலை இல்லை. சோழர் காலத்துக் கப்பல்கள் கடாரத்துக்கு வரும்போது அடையாளமாகக் கண்ட மலை அது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்கள் இருக்கின்றன.

பாலிங் வட்டாரத்தின் உலு லெகோங் வெந்நீர் ஊற்றும் எரிமலைச் சூட்டால் வருவதில்லை. பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போன நீர் அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி மேலே வருகிறது.

அப்படியென்றால் நாம் பத்திரமா? தட்டின் விளிம்பிலிருந்து தள்ளி இருக்கிறோம், சுமத்ரா நமக்குத் தடுப்புச்சுவர் போலக் குறுக்கே படுத்திருக்கிறது. இது உண்மை. 2004-இல் அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் மெதுவாக வந்தது. ஆழ்கடலில் சுனாமி விமான வேகத்தில் போகும். ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். நமக்கு நான்கு மணி நேரம் கிடைத்தது இதனால்தான். ஆனால் சுவர் இருந்தும் தண்ணீர் வந்ததே. கோத்தா குவாலா மூடாவில் உடைந்த படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னம் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்

2004 நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் சிமலூ என்ற தீவு இருக்கிறது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவு. அலை அவர்களை அடையப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சைரன் இல்லை, வானொலி அறிவிப்பு இல்லை. இறந்தவர்கள் ஏழே பேர்.

எப்படி? 1907-இல் அந்தத் தீவை ஒரு சுனாமி அழித்தது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் நிற்காதே, மலைக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். 97 ஆண்டுகள் கழித்து, அதைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகள் 'ஸ்மோங், ஸ்மோங்' என்று கூவிக்கொண்டே மலையேறினார்கள்.

அவர்களுக்குப் பத்து நிமிடமும் ஒரு பாட்டியின் கதையும் இருந்தன. நம்மிடம் நான்கு மணி நேரம் இருந்தது. கதை இல்லை.

நாம் செய்ய வேண்டியது

2004-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை சுனாமி எச்சரிக்கை தருகிறது. கடற்கரைகளில் சைரன்கள் இருக்கின்றன. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடுத்தார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. அந்த நிலநடுக்கத்தில் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடல் தரை பெரிதாக எழும்பவில்லை. "சும்மா பயமுறுத்துனாங்க" என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். எந்த நிலநடுக்கம் அலை எழுப்பும் என்று உடனே உறுதியாகச் சொல்ல முடியாது. வந்த அலைக்கு ஓடாமல் இருப்பதைவிட, வராத அலைக்கு ஓடுவதே மேல்.

ஒவ்வொரு கிளையிலும் இதைப் பேசிப் பழக வேண்டும்:

1. தொங்கும் விளக்கு, மின்விசிறி காரணமில்லாமல் மெதுவாக ஆடினால், "எங்கேயோ பெரிய நிலநடுக்கம்" என்று எண்ணுங்கள். வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

2. கடற்கரையில் இருப்பவர்களுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். நாம் உள்நாட்டுத் தோட்டத்தில் இருக்கலாம். நம் அண்ணன் தம்பி அன்று குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருக்கலாம். 2004-இல் விடுமுறை நாள் என்று கடலுக்குப் போனவர்களும் இறந்தார்கள்.

3. கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்கவோ படம் எடுக்கவோ போகாதீர்கள். மேடான இடத்துக்குப் போங்கள். முதல் அலையோடு முடிந்துவிடாது, அடுத்தடுத்து வரும். அனுமதி தரும்வரை திரும்பாதீர்கள்.

4. அனாக் கிரக்காத்தாவை மறக்காதீர்கள். நிலம் ஆடாமலும் அலை வரலாம். கடல் விசித்திரமாக நடந்துகொண்டால் அதுவே எச்சரிக்கை.

கலந்துரையாடலுக்கு

1. எரிமலையால் வரும் அதிர்வுக்கும் தட்டுகளால் வரும் நிலநடுக்கத்துக்கும் என்ன வேறுபாடு? உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி இரண்டே நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள்.

2. ரீயூனியன், சுமத்ரா இரண்டும் எரிமலைத் தீவுகள்தான். ஆனால் 9 அளவு நிலநடுக்கத்துக்கு அஞ்ச வேண்டியது எங்கே? ஏன்?

3. உங்கள் குடும்பத்தில் 2004 டிசம்பர் 26 காலையை நினைவு வைத்திருப்பவர் யார்? அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் வாசிப்போம்.

மூன்றாம் கேள்வியை வீட்டுப்பாடமாக எண்ணிச் செய்யுங்கள். அந்த நாளுக்குப் பிறகு பிறந்த தம்பி தங்கைகள் இப்போது நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பாடப்புத்தகத்து வரி மட்டுமே. சிமலூ பாட்டிகள் 97 ஆண்டுகள் சொன்ன கதையை, நாம் நம் தலைமுறைக்காவது சொல்லிவிட்டுப் போவோம்.